பழுதானது ரெஜினாவின் கையில் அல்ல

செய்தி எனக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் கிடைத்தது. நெடுந்தீவுக்குப் போகும் படகுக்காகக் காத்து நின்றேன். ரெஜினாவின் தங்கை ஜெசிந்தாவிடமிருந்து கைபேசியில் ஒரே ஒரு வரி வந்தது: "ரீச்சர், அக்காவை ரெண்டரைப் போட்டில கொண்டுவாறம்." அதை வாசித்து நான் சந்தோஷப்பட்டேன் என்றால் நம்புவீர்களா? நெஞ்சு நோவென்று ஐந்து நாளாக யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரைச் சுகமாக்கி வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன். "நல்லது, நானும் அதே போட்டிலதான் வாறன், அவவுக்கு இடம் பிடிச்சு வைக்கிறன்" என்று பதிலும் அனுப்பினேன். இரண்டு மணிக்குச் சவப்பெட்டியை ஏற்றிய வான் இறங்குதுறையில் வந்து நின்றபோதுதான் 'கொண்டுவாறம்' என்ற சொல் எனக்கு விளங்கியது. ஜெசிந்தா வானிலிருந்து இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அனுப்பிய பதிலைப் பற்றி அவர் அன்றும் கேட்கவில்லை, இன்றுவரையும் கேட்கவில்லை.

முப்பது வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறவள் நான். ஆனாலும் ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொள்வதில் எனக்குள்ள கெட்டித்தனத்தை ரெஜினா அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறியமாட்டார்கள். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி ஜெசிந்தா கேட்டார். "நல்லதா எழுதுங்கோ ரீச்சர்" என்றார். நல்லதாக எழுதுவதற்கு ரெஜினாவிடம் குறைவில்லை. ஆனால் இந்த மலரைக் கையில் எடுக்கும் உங்களில் பாதிப் பேர் படத்தைப் பார்த்துவிட்டு, 'காணி விசாரணை அன்று டிஸ்க்கைப் பழுதாக்கியது இவதானே' என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லப்போகிறீர்கள். அதை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆகையால் நடந்ததை எழுதுகிறேன். இரண்டு பக்கத்துக்குள் அடங்காது, ஜெசிந்தா பொறுத்துக்கொள்ளட்டும்.

வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ரெஜினா எங்கள் மாதர் சங்கத்தின் தையல் ஆசிரியை. இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் நாலு வருடம் ஒரு கணினி திருத்தும் கடையில் வேலை செய்தவர். தீவுக்குத் திரும்பியபின், தையல் மெசின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவோம், கைபேசி நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். கழுத்தில் அளவு நாடா தொங்க, சைக்கிளில் வருவார். என்னைவிட இரண்டு வயது இளையவர். நான் அவரை 'நீர்' என்பேன், அவர் என்னை 'ரீச்சர், நீங்கள்' என்பார். சிநேகிதிகள் என்று சொல்ல முடியாது. ஒரே சங்கத்தில் இருந்த இரண்டு வாய்க்காரிகள் என்று சொல்லலாம்.

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு மடிக்கணினி வந்த கதை பலருக்கு ஞாபகம் இருக்கும். தலைவரின் மைத்துனர், பாரிசில் தன் பிள்ளைகள் பாவித்துக் கழித்ததை அனுப்பியிருந்தார். கூடவே, திறப்பதற்கான கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தார். செயலாளர் என்ற தோரணையில் நான் அதை அடித்தேன். திறக்கவில்லை. மூன்று நாள் அடித்தேன். நாலாம் நாள், 'பழுதான சாமானை எங்களுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்' என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். ரெஜினா வந்து, நான் அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தார். "ரீச்சர், நீங்கள் ஏன் கீயைப் பாக்காமல் அடிக்கிறீங்கள்?" என்று கேட்டார். நான் முறைப்படி தட்டச்சுப் படித்தவள், விரலைப் பார்த்து அடிப்பவள் அல்ல என்றேன். அவர் சிரித்தார். "உது பழுதில்லை. உது பிரெஞ்சு. எங்கட மிசினில ஏ இருக்கிற இடத்தில உதில கியூ இருக்கு. விரலை நம்பாமல் கண்ணை நம்பி ஒருக்கா அடியுங்கோ." அடித்தேன். திறந்தது. உள்ளே திரை முழுவதும் பிரெஞ்சு. அதை மாற்ற இணையத்திலிருந்து நிறைய இறக்கவேண்டும் என்றும், எங்கள் தீவின் சிக்னலுக்கு அது ஏலாது என்றும், அடுத்தமுறை பட்டணத்துக்குக் கொண்டுபோய் மாற்றித் தருவதாகவும் சொன்னார். 'தேவையில்லை, எந்த இடத்தில் அமத்துவது என்று எனக்குத் தெரியும்' என்று நான் மறுத்துவிட்டேன். பெருமை என்ற ஒன்று இருக்கிறதே, அது எனக்கு அந்த நாளில் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

சில மாதம் கழித்து ஒரு காலையில் அது எழும்ப மறுத்தது. கறுத்த திரை, மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. ரெஜினா வந்தார். நூல் சிக்கிய தையல் மெசினை எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்த்தார். மவுஸைக் கழற்றினார். பிரின்டர் வயரைக் கழற்றினார். படங்கள் எல்லாம் சேர்த்து வைத்திருந்த வெளி டிஸ்க்கையும் கழற்றினார். பிறகு பொத்தானை அமத்தினார். ஒன்றும் நடக்காததுபோல அது எழும்பியது. "இது எழும்பேக்க முதல் டிஸ்க்குக்குள்ளதான் எட்டிப் பாக்குது. தன்னை எழுப்பிறதுக்கு அதுக்குள்ள ஒண்டும் இல்லை எண்டோடன அப்பிடியே நிண்டிடுது. முதல் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு வெறுமையா எழும்பவிடுங்கோ. பிறகு ஒண்டொண்டாப் பூட்டலாம்" என்றார். எதைத் திருத்தினாலும் அவர் வழி அதுதான். முதலில் கழற்றுவார், குறை சொல்லமாட்டார்.

அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். தீவின் மேற்குப் பக்கத்தில் உள்ள மேய்ச்சல் காணிகள் யாருக்குச் சொந்தம் என்று விசாரணை வரப்போவதாக அறிவித்திருந்தார்கள். இரண்டு வருடமாக நான் வீடு வீடாகப் போய்க் காணி உறுதிப் பத்திரங்களைப் படம் எடுத்தேன், கல்வேலிகளைப் படம் எடுத்தேன். எல்லாரிடமும் உறுதி இருந்தது, ஒரு குடும்பத்தைத் தவிர. சவிரிமுத்து அப்புவின் உறுதி இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. அவரை அவருடைய கிணற்றடியில் நிற்கவைத்து இருபது நிமிடம் வீடியோ எடுத்தேன். நாலு எல்லையையும் கையால் காட்டி, யார் யாருடைய காணி எங்கே முடிகிறது, கிணற்றை யார் வெட்டினது என்றெல்லாம் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார். ஐந்து மாதத்தில் அவர் காலமாகிவிட்டார். மற்ற எல்லாருக்கும் கடதாசி வீட்டு அலுமாரியில் பத்திரமாக இருந்தது. அப்புவின் மகன் நேசனுக்கு இருந்தது அந்த இருபது நிமிடம் மட்டும்தான்.

அதை ரெஜினாவும் அறிவார். ஒருநாள் சங்க அலுவலகமான கந்தோரில் ஆக்கள் இருக்கும்போதே கேட்டார்: "ரீச்சர், ஒரேயொரு கொப்பி எண்டால் அது கொப்பியே இல்லை. என்ர டிஸ்க்கிலயும் ஒருக்கா ஏத்திவிடுவம், தாங்கோ." எனக்குச் சுள்ளென்று வந்தது. இரண்டு வருடம் வெயிலில் திரிந்தவள் நான், இப்போது வந்து பாதுகாப்பைப் பற்றி எனக்குப் படிப்பிக்கிறாரா என்று நினைத்தேன். "இது சங்கத்து ஆவணம், ரெஜினா. வீட்டுக்கு வீடு கொண்டுதிரியிற சாமான் இல்லை" என்றேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அதன்பின் மூன்று மாதம் கோயில் வாசலிலும் கடையிலும் தலையை ஆட்டிக்கொண்டு போவதோடு சரி. அன்று அரை மணித்தியாலம் டிஸ்க்கைக் கொடுத்திருந்தால் இதை எழுதவேண்டிய தேவையே வந்திருக்காது.

விசாரணை பின்னேரம் இரண்டு மணிக்கு, பொது மண்டபத்தில். அதிகாரிகள் காலைப் படகில் வந்து நாலு மணிப் படகில் திரும்புவதாக ஏற்பாடு. அதற்கு ஒரு கிழமை முன்னர் எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது: தாங்கள் அனுப்பிய விபரங்கள் எமது போமற்றில் இல்லை, அந்தப் போமற்றிலேயே சமர்ப்பிக்கவேண்டும். கந்தோர்களில் புழங்குகிறவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். இன்ன கட்டத்தில் இன்ன விபரம் என்று அவர்கள் கேட்கும் மாதிரிக்குப் பெயர் போமற். அந்தக் கிழமை முழுவதும் கட்டம் கட்டமாகப் பட்டியலை மாற்றி மாற்றி என் தலைக்குள் அந்தச் சொல்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

காலை ஒன்பது மணிக்குக் கந்தோரில் மடிக்கணினியை எழுப்பிவிட்டு டிஸ்க்கைப் பூட்டினேன். உள்ளே டிக் டிக் என்று இரண்டு சத்தம் கேட்டது. பிறகு திரையில் ஒரு பெட்டி வந்தது, பிரெஞ்சில். நான் வாசிக்கக்கூடிய ஒரே ஒரு சொல் அதில் இருந்தது. போமற். சத்தியமாகச் சொல்கிறேன், என் மனம் குளிர்ந்தது. பிரெஞ்சுக்காரனின் கணினிக்குக்கூட எங்கள் கந்தோரின் கரைச்சல் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன். அமத்தினேன். இன்னொரு பெட்டி வந்தது, அதிலும் அமத்தினேன். மூன்றாவதாக மஞ்சள் முக்கோணத்தோடு ஒன்று வந்தது. எந்த விண்ணப்பம் கொடுத்தாலும் கடைசியில் ஒரு தடை வரும், அதற்கும் ஓம் சொல்லித்தான் தாண்டவேண்டும் என்பது எங்கள் சனத்தின் அனுபவம். அதற்கும் ஓம் என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெள்ளையாக இருந்தது.

கால் மணித்தியாலம் அப்படியே கதிரையில் இருந்தேன். யாரிடம் கேட்கவேண்டும் என்பது தெரியும், ஆனால் அவரிடம் எந்த முகத்தோடு கேட்பது? கடைசியில் கைபேசியை எடுத்தேன்.

"ரெஜினா, நீர் ஒருக்கா கந்தோருக்கு வாரும்."

குரலிலேயே விளங்கிக்கொண்டிருக்கவேண்டும். என்ன, ஏது என்று கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் வந்துவிட்டார்.

"என்ன செய்தனீங்கள்?"

"போமற் கேட்டது. குடுத்தனான்."

கணினிக் கடையில் வேலை செய்தவர்களுக்குப் போமற் என்றால் வேறு பொருள் என்று அப்போது எனக்குத் தெரியாது. டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக்குவதற்குப் பெயர் அது.

"எத்தினை தரம் ஓம் எண்டனீங்கள்?"

"மூண்டு."

"அதுக்குப் பிறகு இதுக்குள்ள ஏதும் போட்டனீங்களோ? ஒரு எழுத்தாவது?"

"இல்லை."

"அப்ப உள்ளுக்கு இருக்கு" என்றார். "பேர்ப்பட்டியலைத்தான் கிழிச்சிருக்கு ரீச்சர், சாமான் கிடந்த இடத்திலயே கிடக்கும். மேல ஏதும் எழுதினால்தான் அழியும். இனி இதை நீங்கள் தொடாதேங்கோ." மூன்று மாதத்துக்கு முன் நான் சொன்னதை அவர் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றைக் கடைக் காலத்திலிருந்து ஒரு பென் டிரைவில் வைத்திருந்தார். அதை மடிக்கணினியில் ஏற்றும்போதே அது உறைந்து நின்றது. நிறுத்தித் திரும்ப எழுப்பினார். கறுத்த திரை, வெள்ளைக் கோடு. அவர் ஒரு கணம் தடுமாறிப்போனார். "பென்னைக் கழட்டும் ரெஜினா" என்றேன். "அட, ஓம்" என்று கழற்றினார். எழும்பியது. "பாஸ் பண்ணிட்டீங்கள் ரீச்சர்" என்று சொல்லிவிட்டு ஒரு சிறு சிரிப்புச் சிரித்தார். அந்த நாள் முழுவதிலும் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

மென்பொருள் ஏறியபின் டிஸ்க்கைப் பூட்டினார். டிக் டிக் என்றது, திரையில் தெரிந்தது, மறைந்தது. திரும்பவும் பூட்டினார், திரும்பவும் மறைந்தது. "இதுக்குக் கறண்ட் காணாது" என்றார். மற்றப் பக்கத்து ஓட்டையில் பூட்டினார். நீள வயரை எறிந்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு கட்டை வயரை எடுத்தார். இப்போது நின்றது, ஆனால் கந்தோர் லைற் மங்கும்போதெல்லாம் டிஸ்க்கும் அனுங்கியது. அந்த மடிக்கணினியின் பற்றரி எப்போதோ செத்துவிட்டது, சுவரிலிருந்து வரும் கறண்டில்தான் உயிர் வாழ்ந்தது. லைற் ஏன் மங்குகிறது என்று பார்த்தால், பக்கத்துப் பட்டறையில் வெல்டிங்கில் இரும்பு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டறை யாருடையது? நேசனுடையது.

"ரீச்சர், நேசனிட்டப் போய்க் கொஞ்ச நேரம் ஒட்டுறதை நிப்பாட்டச் சொல்லுங்கோ. நான் இதை விட்டு எழும்பேலாது."

அந்த முப்பது அடி தூரத்தை நான் எப்படி நடந்தேன் என்று எனக்குத் தெரியாது. நேசன் முகமூடியை உயர்த்தினான். நான் வாய் திறக்கமுன்னரே, "என்ன ரீச்சர், அப்பான்ர வீடியோ ரெடியோ?" என்று கேட்டான்.

"ரெடியாகுது. கறண்ட் ஏறி இறங்குது. கொஞ்ச நேரம் ஒட்டாமல் இருப்பியே?"

"இதென்ன கேள்வி?" என்று அந்தக் கணமே சுவிச்சை நிறுத்திவிட்டான். "எவ்வளவு நேரமெண்டாலும் எடுங்கோ. அப்பா கதைக்கிறதை அவையள் கேட்டால் காணும்." வேலை கொண்டுவந்து நின்ற இரண்டு பேரையும் பின்னேரம் வரச்சொல்லி அனுப்பினான். பிறகு எனக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று வேறு கேட்டான்.

பதினொரு மணிக்கு நூற்றுக்கு ஒன்பது வீதம் மீட்டிருந்தது. பன்னிரண்டுக்கு முப்பத்தெட்டு. கோப்புகள் வரத் தொடங்கின. பெயர் இல்லை, வெறும் இலக்கங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து இது யாருடைய உறுதி, இது யாருடைய வேலி என்று நான் சொல்ல, ரெஜினா பெயர் போட்டுத் தன்னுடைய டிஸ்க்கில் சேர்த்தார். உறுதிகள் வந்தன, படங்கள் வந்தன. வீடியோ மட்டும் வரவில்லை. ஒரு மணிக்கும் வரவில்லை. அதிகாரிகள் சாப்பிடப் போய்விட்டார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். வெளியே ஆக்கள் சேரத் தொடங்கிவிட்டார்கள். நான் எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன், ரெஜினாவின் மாதாவையும் கூப்பிட்டேன்.

ஒன்று இருபதுக்கு ஒரு பெரிய கோப்பு வந்தது. ரெஜினா அதைத் திறந்தார். கிணற்றடி. வெள்ளைச் சாரம். அப்புவேதான். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன்.

"என்ர பேர் சவிரிமுத்து. இந்தக் கிணறு என்ர ஐயா வெட்டினது. கிழக்கால..."

கையைத் தூக்கியபடி அப்பு அப்படியே நின்றுவிட்டார். திரும்ப ஓடவிட்டோம். கிழக்கால என்றதும் நின்றது. வேறு வழியில் திறந்தோம், அங்கேயே நின்றது. பெரிய கோப்புகள் துண்டு துண்டாக வேறு வேறு இடத்தில் கிடக்கும் என்றும், பட்டியல் கிழிந்தபின் முதல் துண்டுதான் கையில் அகப்படும் என்றும் ரெஜினா மெல்லச் சொன்னார். மிச்சத் துண்டுகளைத் தேடித்தேடி ஒன்றே முக்கால் மணிவரை பார்த்தார். கழுத்து நாடாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் சங்கத் தலைவர் வாசலில் வந்து நின்றார். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், நேசனும் அவர்களில் ஒருவன். "என்ன நடக்குது உள்ள?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ரெஜினா எழும்பிவிட்டார்.

"டிஸ்க் பழுதாப் போச்சு. என்ர கையில இருக்கேக்கதான் போனது. மற்ற எல்லாம் எடுத்தாச்சு, அப்புவின்ர வீடியோ பாதிதான் வந்திருக்கு."

அவர்கள் மண்டபத்துக்குப் போனதும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஏன் அப்படிச் சொன்னீர் என்று கேட்டேன். "நீங்கள் உள்ள போய் எல்லாருக்காகவும் கதைக்கவேணும் ரீச்சர். இப்ப சனம் உங்களோட சண்டைக்கு நிண்டால் ஒருத்தற்ற காணியும் மிஞ்சாது. பின்னேரம் உண்மையைச் சொல்லுவம்" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. இப்போதும் நியாயமாகத்தான் படுகிறது, அந்தக் கடைசி வசனத்தையும் சேர்த்து எடுத்தால்.

விசாரணையில் மற்றக் குடும்பங்களின் காணிகள் ஒவ்வொன்றாகப் பதிவாகின. அப்புவின் வீடியோவைப் போட்டோம். கிழக்கால என்றதோடு நின்றது. மிச்சத்தை நான் சொன்னேன், நாலு எல்லையையும் மனப்பாடமாகச் சொன்னேன். அதிகாரி மரியாதையான மனிதர். "ரீச்சர், நீங்கள் சொல்லுறதை நான் அவர் சொன்னதா எழுதேலாது" என்றார். நேசனின் காணி தனியாக எடுத்து வைக்கப்பட்டது. நாலு மாதத்தில் கடிதம் வந்தது. ஆதாரம் போதாது.

விசாரணை நடந்த அன்றைய பின்னேரம் வந்தது. நாலு மணிப் படகு போய், மண்டபத்து வாசலில் சனம் நின்றது. நேசன் ரெஜினாவுக்கு முன்னால் போய் நின்றான். "தைக்கிற மிசின் எண்டு நினைச்சீரோ? தெரியாத சாமானில ஏன் கை வைச்சனீர்? என்ர அப்பாவை ரெண்டாந்தரம் சாக்காட்டிப்போட்டீர்" என்று கத்தினான். ரெஜினா ஒரு தரம், ஒரே ஒரு தரம், என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பிரின்டர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மிகவும் கவனமாகச் சுற்றினேன். எல்லாரும் என் கையைப் பிடித்து, ரீச்சர் இல்லாவிட்டால் எங்கள் காணி போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் என் வாய் திறக்கவில்லை. அடுத்த நாளும் திறக்கவில்லை. ஒரு மாதம் போனபின், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் பதில் தேடவேண்டி வந்தது. அப்படியே ஆறு வருடம் போய்விட்டது.

நேசன் தன் மகளைத் தையல் வகுப்பிலிருந்து நிறுத்தினான். இன்னும் சிலரும் நிறுத்தினார்கள். கைபேசி திருத்தக் கொடுப்பவர்கள் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். மனிசி தொட்டால் உள்ளதும் போய்விடும் என்று பகிடி வேறு. ரெஜினாவுக்கு அது கேட்காமல் இருந்திருக்காது, சின்னத் தீவு இது. என்னோடு வழமைபோலவே பேசினார். என் பள்ளிக்கூடத்துக் கணினி நின்றபோது வந்து திருத்தினார். ஒரேயொரு தடவை, படகில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வரும்போது, கடலைப் பார்த்தபடி சொன்னார்: "ரீச்சர், அந்தப் பின்னேரம் இன்னும் வரேல்லை." சொல்லிவிட்டுச் சிரித்தார், நானும் சிரித்தேன். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருந்தியிருப்பேனோ என்னவோ. இல்லை, அதுவும் தப்பிக்கச் சொல்லும் சாட்டுத்தான்.

நல்லடக்கத்துக்குத் தீவே திரண்டு வந்தது. நேசன் வீட்டில் இருந்து ஒருவரும் வரவில்லை. ஊர்வலம் அந்த வழியாகத்தான் போனது, அவர்கள் படலை சாத்திக் கிடந்தது. செத்தவீட்டுக்குப் படலை சாத்துகிற வழக்கம் எங்கள் தீவில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த எனக்குக் கால் இடறியது. ஜெசிந்தா என்னைத் தாங்கிப் பிடித்து, "அழாதேங்கோ ரீச்சர், அக்காவுக்கு உங்களில சரியான மரியாதை" என்றார்.

இந்த மலரில் இதை எழுதமுன்னர் நேசனிடம் நேரில் சொல்லவேண்டும் என்று போன கிழமை பட்டறைக்குப் போனேன். பிரெஞ்சுப் பெட்டி, போமற், மூன்று ஓம், மூன்று மாதத்துக்கு முன் நான் மறுத்த கொப்பி, சுற்றிய வயர், ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவன் சத்தம் போடுவான், பட்டறையை விட்டுத் துரத்துவான் என்று எதிர்பார்த்துப் போனேன். அவன் மெசினை நிறுத்தினான். தன் கையைப் பார்த்தான்.

"ஆறு வருசமா நான் அவவின்ர முகம் பாக்கேல்லை ரீச்சர்" என்றான். "பூசையில ஆளுக்காள் கை குடுத்துச் சமாதானம் சொல்லேக்க, அவ முன் வாங்கிலிருந்து எனக்குக் கையை நீட்டுவா. ஒவ்வொரு ஞாயிறும் நீட்டுவா. நான் மற்றப் பக்கம் திரும்பிடுவன்."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்: "காணியை விடுங்கோ. ஒரு மாசம் முந்தி வந்திருக்கலாமே?"

ஊர் அறிய எழுதுகிறேன்: அந்த டிஸ்க்கை அழித்தது நான். ரெஜினா அதிலிருந்து உங்கள் காணிகளின் ஆதாரங்களை மீட்டவர். ஆறு வருடம் அவர் பெயரில் கிடந்த பழியை இன்று என் பெயருக்கு எடுத்துக்கொள்கிறேன், அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அதுதான். நேசனின் கேள்வியும் என்னோடு இருக்கும். ஞாயிறு தோறும் அவர் நீட்டிய கையை, அவன் ஒரு தரமாவது பிடித்திருக்கலாம். நான் விடவில்லை.